பேதுருவின் வீட்டில் இருந்தவர்கள்

டப்ளின், கலிபோர்னியா
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்பானவருக்கு,

நேற்றுத் தொலைபேசியை வைத்தது நான்தான். கோபத்தில் வைத்தேன். நீங்கள் போன மூன்று வாரத்தில் ஐந்து தடவை கதைத்தோம், ஐந்தும் சண்டையில் முடிந்தன. அதனால்தான் எழுதுகிறேன். கலியாணத்துக்கு முன் நீங்கள் நியூ ஜெர்சியில் படித்துக்கொண்டிருந்தபோது மானிப்பாயிலிருந்து ஒன்றரை வருடம் உங்களுக்கு எழுதினேன். அதில் ஒரு நாளும் சண்டை வரவில்லை. எழுதும்போது நான் கொஞ்சம் நல்லவளாக இருக்கிறேன் போல.

அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் வழக்கம்போல நடக்கிறது. காலையில் நான் கொண்டுபோய் விட்டுவிட்டு மருந்தகத்துக்கு வேலைக்குப் போகிறேன். திரும்பக் கூட்டிவருவது பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வி. "நீங்க டூட்டிக்குப் போங்கக்கா, பெரியம்மாவ நான் கூட்டிட்டு வந்தர்றனுங்க" என்று அவளாகவே வந்து சொன்னாள். ஈரோட்டுக்காரி, போன வருடம்தான் குடிவந்தவள். முன்பு அந்த வேலையைச் செய்தது நீங்கள் என்பதை உங்களுக்கு ஞாபகப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் எழுதிவிட்டேன், கோடிட்டு அடிக்க மனமில்லை.

இங்கே சபையில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "சேந்தன் பாஸ்டராகப் போறாரோ?" நான் சொல்கிறேன்: இல்லை, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டிலருகே இருந்து கதைத்து ஜெபிக்கிற வேலை, சாப்ளின் என்பார்கள், ஹூஸ்டனில் ஒரு வருடப் பயிற்சி. கேட்டவுடன் அவர்களின் முகத்தில் ஒரு பரிதாபம் வருகிறது. இருபது வருடம் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் லேசர் வேலை செய்த மனிதருக்கு நாற்பத்தொன்பது வயதில் இதென்ன என்று. அந்தப் பரிதாபம் உங்களுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னா. "தம்பி அங்கை ஞாயிறிலை ஒரு வீட்டிலை பிரசங்கம் பண்ணுறாராம். என்ன சொல்லுறார் எண்டு எழுதச் சொல்லு பிள்ளை, நீ வாசிச்சுக் காட்டு." ஆகவே எழுதுங்கள். அம்மாவுக்காக.

உங்கள்
ரூபி

*

கேட்டி, டெக்ஸாஸ்
3 அக்டோபர் 2024

அன்பின் ரூபிக்கு,

உமது கடிதத்தை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்து இரண்டு தடவை வாசித்தேன். அடிக்காமல் விட்ட வரியை நான் சரியாகவே வாசித்தேன். கலிபோர்னியாவில் இந்தப் பயிற்சிக்குக் கேட்ட இரண்டு இடமும் கிடைத்திருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். இதுவும் உமக்குத் தெரிந்ததுதான்.

ஹூஸ்டனை ஒட்டிய இந்த ஊரில் அரியரட்ணம் அங்கிள் வீட்டு மேல்மாடி அறையில் இருக்கிறேன். எண்ணெய்க் கம்பனியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு பெரிய வீட்டில் தனியாள். ஞாயிறு பின்னேரம் அவருடைய ஹோலில் பதினான்கு பேர் கூடுகிறோம். முதல் வாரமே என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "தம்பி, சும்மா புத்தி சொல்லாதையும். அதுக்கு எங்களுக்கு டொக்டர்மார் இருக்கினம். ஆரையாவது பற்றிக் கதையாச் சொல்லும்." அதனால் பேதுருவின் கதையைத் தொடங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு இதை வாசியும்.

அவன் முதற்பெயர் சீமோன். அப்பா பெயர் யோனா. பெத்சாயிதா என்ற மீன்பிடி ஊர். தம்பியோ அண்ணனோ தெரியாது, அந்திரேயா என்று ஒரு சகோதரன், இருவரும் ஒரு வலையில் வேலை. செபெதேயுவின் பிள்ளைகள் அவர்களுக்குக் கூட்டாளிகள், அந்த வீட்டுப் படகில் கூலியாட்களும் இருந்தார்கள். ஆகவே ஒன்றுமில்லாத ஏழைகள் என்று நினைத்துவிடக் கூடாது. தொழில் தெரிந்த, ஊரில் மதிப்புள்ள மனிதர்கள். பேச்சில் மட்டும் வட்டார வாடை. எருசலேமில் வாயைத் திறந்தால் கலிலேயாக்காரன் என்று பிடித்துவிடுவார்கள். நாங்கள் சென்னையில் ஆட்டோக்காரனிடம் கதைத்தால் "சிலோனா?" என்று கேட்பதில்லையா, அப்படி. இதைச் சொன்னபோது பதினான்கு பேரும் சிரித்தார்கள்.

பிறகு கப்பர்நகூமில் குடியிருந்தான். அந்த வீட்டில் மனைவியின் தாயும் இருந்தா. ஒருநாள் அவவுக்குக் கடும் காய்ச்சல். ஜெப ஆலயத்திலிருந்து நேரே வந்த இயேசு அவவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், காய்ச்சல் விட்டது, அவ எழும்பி எல்லாருக்கும் பரிமாறினா. அம்மாவுக்குச் சொல்லும், அப்போஸ்தலர்களில் என்னைப்போல மாமியோடு ஒரே வீட்டில் இருந்ததாக எழுதப்பட்டிருப்பது இந்த ஒருவனைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரி வேலை கடினம். நாளுக்கு ஒன்றிரண்டு சாவு. ஆனால் பின்னேரம் வீடு திரும்பும்போது களைப்பு மட்டும்தான் இருக்கிறது. முன்பு லிவர்மோரில் இருந்து வரும்போது இருந்த அந்த வெறுமை இல்லை.

உமது
சேந்தன்

*

டப்ளின்
20 அக்டோபர் 2024

அன்பானவருக்கு,

அம்மாவுக்கு வாசித்தேன். முதலில் சிரித்தா. பிறகு, "காய்ச்சல் மாறின கையோடை எழும்பிப் பரிமாறினவாவோ? அண்டைக்கு ஒருநாளாவது அவவைப் படுக்க விட்டிருக்கலாம்" என்றா. அடுத்த ஞாயிறு இதையும் உங்கள் பதினான்கு பேருக்குச் சொல்லுங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மாமியார் இருந்தால் மனைவி இருந்திருக்க வேண்டும். அவளுடைய பெயர் என்ன? நான் தேடினேன், கிடைக்கவில்லை. படகு இருக்கிறது, வலை இருக்கிறது, கூட்டாளிகளின் பெயர் இருக்கிறது, அவர்களுடைய அப்பாவின் பெயரும் இருக்கிறது. பேதுரு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்னே போனார் என்று நீங்கள் பிரசங்கத்தில் சொல்லப் போகிறீர்கள். அந்த எல்லாவற்றுக்குள்ளும் அவளும் இருந்தாளா? அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் எப்படிச் சொன்னார்?

நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா நண்டு கேட்டதால் நண்டு சமைத்திருந்தேன். நீங்கள் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து நின்று, "ரூபி, நான் வேலையை விட்டிட்டன்" என்றீர்கள். விடட்டோ என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது வேலைக்காக என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பிள்ளை இல்லை என்றானபோதும் இரண்டு பேரும் சேர்ந்துதானே அழுது, சேர்ந்துதானே அதை ஏற்றுக்கொண்டோம். இதை மட்டும் ஏன் தனியாக முடிவெடுத்தீர்கள்?

அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உங்களுக்கு முத்தம் தரச் சொன்னா. கடிதத்தில் எப்படித் தருவது, எழுதிவிட்டேன்.

உங்கள்
ரூபி

*

கேட்டி
10 நவம்பர் 2024

அன்பின் ரூபிக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். உண்மையில் எப்படி எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன்.

2022 மார்ச்சில் ஒரு மழை நாள். காலை எட்டு மணி இருக்கும், லிவர்மோருக்குச் சற்று முன் 580 நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் போன ஒரு பழைய டிரக் வழுக்கிச் சுவரில் மோதியது. நான் காரை ஓரம் கட்டி ஓடினேன். வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர், மெக்சிக்கோக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் இருந்த தகர டின்கள் உடைந்து வெள்ளை பெயிண்ட் ரோட்டெல்லாம் ஓடியது. அவர் மார்பு நசிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரே, பிரே" என்று ஜெபிக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் வரவில்லை, ரூபி. எத்தனை வருடம் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனவன். கடைசியில் சின்ன வயதில் மானிப்பாயில் பாடமாக்கிய கர்த்தருடைய ஜெபம்தான் வந்தது, அதுவும் தமிழில். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டார், பிடி இளகவில்லை. முடிந்ததும் திரும்பச் சொன்னேன். நாலாம் தரம் சொல்லும்போது அம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்பே போய்விட்டார்.

நான் வேலைக்குப் போனேன். லேசர் அறையில் கண்ணாடி ஒன்றை நேராக்க வேண்டியிருந்தது. நேராக்கினேன். அன்று முதல் அந்த வேலை எனக்குச் செத்துப்போய்விட்டது. உமக்கு, விபத்து ஒன்றால் பிந்தினேன் என்று மட்டும் சொன்னேன்.

பேதுருவையும் ஒரே நாளில் அழைக்கவில்லை. முதலில் அந்திரேயாதான் போய் இயேசு பேசியதைக் கேட்டுவிட்டு வந்து இவனைக் கூட்டிப்போனான். அன்றே இவனுக்குப் பேதுரு என்ற புதுப் பெயர் கிடைத்தது. ஆனாலும் திரும்பி வந்து வலையைத்தான் எடுத்தான். பிறகொரு நாள் இரவு முழுக்க ஒன்றும் அகப்படாமல் கரையில் வலை கழுவிக்கொண்டிருந்தபோது, இயேசு படகில் ஏறி இன்னொரு தடவை ஆழத்தில் போடச் சொன்னார். படகு தாழும் அளவுக்கு மீன். அதைக் கண்டு இவன் சந்தோஷப்படவில்லை. பயந்தான். நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் என்று காலில் விழுந்தான். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது.

நீர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் உம்மைக் கேட்கவில்லை? கேட்டால் நீர் வேண்டாம் என்பீர், நானும் சரி என்று இருந்துவிடுவேன் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. அது கோழைத்தனம்.

அவன் மனைவியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பவுலின் கடிதம் ஒன்றில் ஒரு வரி இருக்கிறது, பேதுரு போன இடத்துக்கெல்லாம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனதாக. ஆகவே அவள் விடப்பட்டவள் இல்லை. நீரும் அம்மாவும் மே மாதம் இங்கே வர முடியுமா? பயிற்சி முடிந்ததும் இந்த ஆஸ்பத்திரியே வேலை தரும் போலிருக்கிறது. டயாலிசிஸ் நிலையம் இந்த வீட்டிலிருந்து பத்து நிமிடம். இந்த முறை கேட்கிறேன்.

உமது
சேந்தன்

*

டப்ளின்
1 டிசம்பர் 2024

அன்பானவருக்கு,

அன்று உங்கள் காலில் இருந்த சப்பாத்தைக் கழுவியது நான். தையல் இடுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட், பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். இதென்ன பெயிண்ட் என்று கேட்டேன். "லாபிலை பட்டிட்டுது" என்றீர்கள். அப்போதே சொல்லியிருந்தால் நான் அன்று உங்களோடு இருந்திருப்பேன். வேண்டாம் என்று சொல்லுவேன் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இருபத்தொரு வருடத்தில் என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்ததா?

அந்த மனிதருக்காக அழுதேன். பெயர்கூடத் தெரியவில்லையே.

பவுலின் வரியை நானும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, மனைவி கூடப் போனாள். அதிலும் அவளுக்குப் பெயர் இல்லை. அது கிடக்கட்டும். அவளும் கூடப் போய்விட்டால், வீட்டில் இருந்த தாயை யார் பார்த்தது? ஒருமுறை காய்ச்சல் மாறினால் போதுமா, மனுசருக்குத் திரும்பக் காய்ச்சல் வராதா? இதற்கு ஏதாவது ஒரு வரி இருந்தால் தேடி எழுதுங்கள்.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் லீவு என்றீர்கள். வாருங்கள். கேட்டிக்கு வரச் சொல்லி அம்மாவிடம் நீங்களே கேளுங்கள். அவவை ஒரு பெட்டி மாதிரித் தூக்கி விமானத்தில் ஏற்ற எனக்கு மனமில்லை.

வரும்போது குளிர் உடுப்பு கொண்டு வாருங்கள். இங்கே விடிய நல்ல குளிர். உங்களுக்கு இருமல் வரும்.

உங்கள்
ரூபி

*

டப்ளின்
5 ஜனவரி 2025

என் அன்புக்குரியவருக்கு,

கிறிஸ்மஸ் முடிந்து நீங்கள் போய் ஒரு வாரம். வீட்டில் இன்னும் மூன்று பேருக்குத்தான் சோறு போடுகிறேன். பிறகு ஒரு பங்கை எடுத்து வைக்கிறேன்.

அம்மா டயாலிசிஸ் நிலையத்தில் ஒரே பெருமை. "என்ர மருமகன் நாலு மணித்தியாலமும் கதிரையை விட்டு எழும்பேல்லை" என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. நர்ஸ் ரோஷினிக்குத் தமிழ் விளங்கும், கதைக்க வராது. அவளும் ஆங்கிலத்திலேயே கேட்கிறாள், அங்கிள் எப்போது திரும்ப வருவார் என்று. பக்கத்துக் கதிரைக் கிழவர் ஒன்றரை வருடமாக யாரோடும் கதைக்காதவர். அவரும் கேட்டாராம். அவரோடு நீங்கள் என்னதான் கதைத்தீர்கள்?

நீங்கள் அம்மாவிடம் கேட்டதும் அவ உடனே சொன்ன பதிலை நான் குசினியில் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "நான் எங்கை இருந்தாலும் அந்த மெசினோடைதானே தம்பி. ஊர் எதெண்டால் என்ன? நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வீட்டிலை இருங்கோ, அது போதும் எனக்கு." எனக்காகத்தான் அம்மா இங்கே இருக்கிறா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காக நான் இருப்பதாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

டெக்ஸாஸில் மருந்தக வேலைக்குப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டுவிட்டேன். தாமரைச்செல்விக்குச் சொன்னேன். "போறதுதானுங்கக்கா சரி" என்றாள், கண் கலங்கிவிட்டது. மே பத்துக்குப் பிறகு ஒரு நாளைப் பார்த்துச் சொல்லுங்கள். கீழ்மாடியில் அறை உள்ள வீடாகப் பாருங்கள், அம்மாவால் படி ஏற முடியாது.

மனம் லேசாக இருக்கிறது. இப்படி எழுதிப் பல நாள்.

உங்கள் அன்பு
ரூபி

*

கேட்டி
23 பிப்ரவரி 2025

அன்பின் ரூபிக்கு,

அம்மாவின் அடக்கம் முடிந்து இரண்டு நாள் அங்கே இருந்தும் நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. நீர் வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தீர். விமானத்தில் வரும்போது இதை மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை நீர் தொலைபேசி எடுத்து, அம்மாவை நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றபோதே நான் கிளம்பியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, ஆபத்து இல்லை என்று டொக்டர் சொன்னார் என்றீர். சனி, ஞாயிறு என் முறை. மாற்றிக்கொள்ள ஒருவரைக் கேட்டேன், அவருக்கு முடியவில்லை. இரண்டாவது ஆளை நான் கேட்கவில்லை. திங்களுக்கு டிக்கெட் போட்டேன். திங்கள் என்பது எவ்வளவு கிட்ட இருந்தது.

சனி காலை உமக்குப் பதினொரு மணி இருக்கும்போது எடுத்தேன். அம்மாவோடு ஜெபிக்க வேண்டும் என்றேன். நித்திரை என்றீர். எழுப்ப வேண்டாம், திங்கள் வருகிறேன் என்று சொல்லும் என்றேன். எழுப்பச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம்தானே. ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாதவர்களை எழுப்பி ஜெபிக்கிறவன், என் வீட்டு மனுசியை எழுப்பத் தயங்கினேன்.

அம்மாவின் உயிர் போன நேரம், நாமக்கல்லில் இருந்து மகனைப் பார்க்க இங்கே வந்து நோயில் விழுந்த ஒரு அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவவும் அன்றுதான் இறந்தா. வெளியே வந்து பார்த்தபோது உமது நாலு அழைப்புகள்.

நான் ஒரு முடிவெடுத்திருக்கிறேன். லிவர்மோரில் என்னோடு வேலை செய்த பாலசுப்ரமணியனுக்கு எழுதினேன். அவருடைய குழுவில் ஒரு இடம் இருக்கிறதாம், ஏப்ரலில் சேரலாம் என்கிறார். பயிற்சியை விட்டுவிட்டு வருகிறேன். பேதுருவும் தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன பிறகு வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குத்தான் போனான். எனக்கும் வேறு இடம் தெரியவில்லை. உம்மைத் தனியாக விட்டது போதும்.

உமது
சேந்தன்

*

டப்ளின்
9 மார்ச் 2025

சேந்தனுக்கு,

வரவேண்டாம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் துணிவு வருமோ தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அம்மா நித்திரை கொள்ளவில்லை. நீங்கள் எடுத்தபோது முழித்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்து இருந்தா. காலையில் இருந்து மூன்று நாலு தரம் உங்களைக் கேட்டாகிவிட்டது. தொலைபேசி அடித்ததும் "தம்பியோ? இஞ்சை தா பிள்ளை" என்று கையை நீட்டினா. நான் எழும்பிக் கொரிடோருக்குப் போய் உங்களிடம் நித்திரை என்று சொன்னேன். திரும்பி வந்து அம்மாவிடம், வேலையிடத்தில் இருந்து எடுத்தார்கள் என்று சொன்னேன். "அவர் எடுப்பார்" என்று சொல்லிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தா. பின்னேரம் மூன்று நாற்பதுக்குப் போய்விட்டா.

ஏன் செய்தேன் என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். ஆறு மாதம் அவவைத் தூக்கியது, கழுவியது, துடைத்தது எல்லாம் நான். கேட்டது உங்களை. இரண்டு நிமிடம் ஜெபித்துவிட்டு நீங்கள் அவவின் நல்ல பிள்ளையாகிவிடுவீர்கள் என்று ஒரு எரிச்சல். இன்னும் உண்மையைச் சொன்னால், நீங்கள் இல்லாதது அவவுக்கு நோகட்டும் என்று நினைத்தேன். நொந்தால் அது உங்கள் பிழையாக இருக்கும். அவ அன்று போவா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொலைபேசியைக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எழுப்பச் சொல்லவில்லையே என்று உங்களை நீங்கள் அடித்துக்கொண்டிருந்ததை வாசித்தேன். அதை வைத்துக்கொண்டு உங்களை இங்கே வரவிட்டிருக்கலாம். நீங்கள் பழையபடி லிவர்மோருக்குப் போய் வருவீர்கள், நான் சமைத்து வைப்பேன். ஒவ்வொரு நாளும் உங்களைப் பார்க்கும்போது, இது நான் பொய் சொல்லி எடுத்த பொருள் என்று தெரியும். என்னால் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லறையில் ரோஷினி தனியாக ஒரு மரத்தடியில் நின்று அழுதாள். எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள், அவளை யாரும் காணவில்லை. நீங்கள் மட்டும் போய்ப் பக்கத்தில் நின்றீர்கள். அவளுடைய தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அப்போதுதான் இரண்டு வருடமாக நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு விளங்கியது. அது உங்கள் வேலை. அதை விட்டுவிட்டு வந்தால் நீங்கள் இங்கே எனக்கும் உதவமாட்டீர்கள், ஒருவருக்கும் உதவமாட்டீர்கள்.

ஆனால் நானும் அங்கே வரப்போவதில்லை. டெக்ஸாஸ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உங்களை அழைத்தது உண்மை என்று இப்போது நம்புகிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, சேந்தன். நீங்கள் கட்டிலுக்குக் கட்டில் போய்விட்டுக் களைத்து வரும் வீட்டில் இருந்துகொண்டு, எனக்கு மிச்சம் வருவது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்தக் குணம் எனக்கு இருக்கிறது. அது என்ன செய்யும் என்று நான் பார்த்துவிட்டேன்.

இந்த வீடு எனக்குப் பெரிது. லிவர்மோரில் ஒரு சின்ன அபார்ட்மெண்ட் எடுத்திருக்கிறேன், மே முதலாம் திகதி போகிறேன். உங்கள் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னிப்பீர்கள் என்று தெரியும், அது உங்களுக்குப் பழக்கம். கொஞ்ச நாள் மன்னிக்காமல் இருந்து பாருங்கள்.

ரூபிகா

*

கேட்டி
20 மார்ச் 2025

அன்பின் ரூபிக்கு,

உமது கடிதத்தை வாசித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். கோபம் வந்தது. மிகவும் வந்தது. நீர் சொன்னபடி ஒன்பது நாள் மன்னிக்காமல் இருந்தேன். அரியரட்ணம் அங்கிள், "என்ன தம்பி, பிரசங்கத்திலை சத்தமே இல்லை" என்றார்.

அந்த ஒன்பது நாளில் எனக்கு ஞாபகம் வந்த ஒன்றை உமக்குச் சொல்லாமல் விட்டால், எல்லாப் பாரமும் உமது தலையில் இருந்துவிடும். அன்று நான் எடுத்தது அறைக்கு வெளியே நின்று. நாமக்கல் அம்மாவின் மகன் கதவைத் திறந்து, சீக்கிரம் வாருங்கள் என்று கை காட்டினான். அந்த நேரம் நீர் நித்திரை என்றீர். எனக்கு நிம்மதியாக இருந்தது, ரூபி. அப்பாடா, இப்போது உள்ளே போகலாம் என்று. எழுப்பத் தயங்கினேன் என்று உமக்கு எழுதியது பாதி உண்மை. எனக்கு நேரமில்லை. நீர் கொடுத்திருந்தாலும் அம்மாவுக்கு என்னிடமிருந்து கிடைத்திருக்கக்கூடியது ஒரு அவசர ஜெபம்தான்.

பாலசுப்ரமணியனுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். பயிற்சி ஆகஸ்டில் முடிகிறது, இங்கேயே இருக்கிறேன். பிரிவுப் பத்திரம் எதிலாவது நீர் கையெழுத்து வைக்கச் சொன்னால் வைக்கிறேன். நானாக ஒன்றும் அனுப்பமாட்டேன்.

புத்தகங்களை நீர் தூக்க வேண்டாம், உமக்கு முதுகு நோகும். ஏப்ரல் இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கொண்டு, கல்லறைக்கு அம்மாவிடமும் போய்விட்டுத் திரும்புகிறேன். அந்த நேரம் நீர் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. சாவியைத் தாமரைச்செல்வியிடம் கொடுத்துவிடும்.

சேந்தன்